கேளுங்க அக்கா: கொடுத்தா திரும்ப வருமா?

கொடுக்கிறதைப் பத்தியும், ஒருத்தரை ஒருத்தர் தேத்துறதைப் பத்தியும் கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன். இவ்வளவு வரும்னு நினைக்கவே இல்ல, பாதிக்கு மேல ஒரே கேள்விதான், அதுவும் அழுதுகிட்டே எழுதின மாதிரி. அதனால அதையே முதல்ல எடுத்துக்கிறேன். பேர் எதுவும் போடல, ஊர் மட்டும்.

*

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரங்க ராத்திரி ஆனா போன்ல ஒரு ஊழியக்காரர் பேசுறதைத்தான் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. 'விசுவாச விதை' விதைச்சா நூறு மடங்கா வரும்னு அவர் சொன்னாராம், என் செயினை அடகு வச்சு 50,000 ரூபாய் அனுப்பிட்டாங்க. எட்டு மாசம் ஆச்சு, வட்டி கட்டுறது நான்தான். கேட்டா 'உன் அவிசுவாசத்தாலதான் ஆசீர்வாதம் தடைபட்டு நிக்குது'ங்கிறாங்க. கொடுத்தா கிடைக்கும்னு வசனம் இருக்குதே, அப்ப தப்பு என் மேலயா? (சகோதரி, தூத்துக்குடி)

பதில்: உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. இதை முதல்ல மனசுல போட்டுக்கிட்டு அப்புறம் மீதியைப் படிங்க.

அவர் எடுத்த வசனம் எதுன்னு நீங்க எழுதல, ஆனா எனக்குத் தெரியும், லூக்கா 6:38-ஆத்தான் இருக்கும். 'கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும்.' நல்ல வசனம்தான், நானும் மனப்பாடமா வச்சிருக்கேன். ஆனா பைபிளைத் திறந்து அதுக்கு மேல மூணே மூணு வசனம் ஏறிப் பாருங்க. 35-ஆம் வசனத்துல 'கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள்'னு இருக்கு, அதே மூச்சுல 'அப்பொழுது உங்கள் பலன் மிகுதியாயிருக்கும்'னும் இருக்கு. பலன் உண்டு, யாரும் இல்லேங்கல. ஆனா கைம்மாறு கருதாதவனுக்குத்தான் அந்தப் பலனைச் சொல்லியிருக்கு. நூறு மடங்கு வரும்னு கணக்குப் போட்டு அனுப்புறது கைம்மாறு கருதுறதில்லாம வேற என்ன, அது சீட்டு கட்டுற மாதிரி, அதுவும் சீட்டுலயாவது நோட்டு உண்டு, கையெழுத்து உண்டு.

அதே 38-ஆம் வசனத்துல வர்ற 'அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி'ங்கிறதைச் சின்ன வயசுல எங்க ஊர்ல கண்ணால பாத்திருக்கேன். நெல்லு அளக்குற ஆள் மரக்காலை ரெண்டு தட்டு தட்டி, குலுக்கி, கையால அமுக்கி, மேல கோபுரமா குவிச்சு, அது சரிஞ்சு விழ விழ பாட்டி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். வேற ஒருத்தர் அளந்தா மேல ஒரு குச்சியை வச்சு வழிச்சு விட்டுருவார், சட்டப்படி அதுவும் சரியான அளவுதான், ஆனா ஊருக்கே தெரியும் யார்கிட்ட போய் வாங்கணும்னு. வசனத்துலயும் 'உங்கள் மடியிலே போடுவார்கள்'னு வருது பாத்தீங்களா, போடுவார்னு இல்ல, போடுவார்கள். மனுஷங்க வழியா வர்ற காரியத்தைத்தான் சொல்லுது. அளந்து கொடுத்த கைக்கு ஒரு நாள் யாரோ நாலு பேர் மனசார அளப்பாங்க. அதை பேங்க் வட்டி மாதிரி தேதி போட்டுச் சொல்ல யாராலயும் முடியாது.

நூறு மடங்கு எங்க இருக்குன்னா மாற்கு 10:30-ல இருக்கு. அங்கே 'துன்பங்களோடேகூட நூறத்தனையாக'ன்னு எழுதியிருக்கு. அந்த 'துன்பங்களோடேகூட'வை மட்டும் யாரும் போஸ்டர்ல அடிக்க மாட்டேங்கிறாங்க, ஏன்னு தெரியல.

அப்புறம் ஏழை விதவை கதை, ரெண்டு காசு போட்டாளே. அதைச் சொல்லித்தானே நம்ம கம்மலைக் கழட்ட வைக்கிறாங்க. மாற்கு 12-ல அந்தக் கதை 41-ஆம் வசனத்துல ஆரம்பிக்குது, அதுக்கு முந்தின வசனத்துல இயேசு யாரைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தார்னு பாருங்க: 'விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம்பண்ணுகிற' வேதபாரகரைப் பத்தி. அதைச் சொல்லி முடிச்ச கையோடதான் காணிக்கைப் பெட்டிக்கு எதிர்ல உக்கார்றார். அவ மனசை அவர் மெச்சினார்தான், ஆனா அவ வீட்டைப் பட்சிக்கிறவங்களுக்கு என்ன சொன்னார்ங்கிறதையும் சேத்துப் படிக்கணும்ல.

பவுல் காணிக்கை கேட்ட விதம் வேற. 2 கொரிந்தியர் 8, 9 ரெண்டு அதிகாரமும் முழுக்கப் பணம்தான். ஆனா அந்தப் பணம் பவுலுக்கு இல்ல, எருசலேம்ல கஷ்டப்பட்டுக்கிட்டிருந்த விசுவாசிகளுக்கு. இல்லாததின்படி இல்ல, உள்ளதின்படிதான் அங்கீகரிக்கப்படும்னு அவரே எழுதுறார் (8:12). அடகு வச்ச செயின் உள்ளதா இல்லாததான்னு நீங்களே சொல்லுங்க. இன்னொண்ணு, அந்தப் பணத்தைக் கொண்டு போறப்ப தனியா போகல, சபைகள் தெரிஞ்செடுத்த ஆளுங்களைக் கூட அழைச்சுக்கிட்டார், 'இந்த மிகுதியான தர்மப்பணத்தைக்குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு'ன்னு காரணமும் எழுதி வச்சிருக்கார் (8:20). பவுலே சாட்சி வச்சுக்கிட்டார், நம்ம போன்ல வர்றவருக்குக் கணக்கே கேக்கக்கூடாதா?

இப்ப வீட்டு விஷயம். உங்க வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட்டு ஜெயிக்கப் பாக்காதீங்க. அவர் கெட்ட மனுஷர் இல்ல, ஏதோ ஒரு கடனோ பயமோ உள்ள இருக்கு, அதான் அந்தக் குரல்ல போய் மாட்டிக்கிட்டார். சாப்பாடு முடிஞ்சு உக்காந்திருக்கிறப்ப 2 கொரிந்தியர் 9:7-ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்க, 'விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல'ங்கிற வரைக்கும். செயினை மீட்டு முடிக்கிற வரைக்கும் வீட்டுக்கு வெளிய ஒரு பெரிய தொகையும் போகக்கூடாதுன்னு ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணுங்க. அதுக்காக கொடுக்கிறதை நிறுத்த வேண்டாம். பக்கத்து வீட்டுல காய்ச்சல்ல படுத்திருக்கிறவங்களுக்கு ரசம் கொண்டு போறதுக்கு எந்த அடகுக் கடையும் வேண்டாம்.

*

கேள்வி: அசனப் பண்டிகைக்கு (சபையே சேந்து சாப்பிடுற விருந்துக்கு) யார் யார் எத்தனை கிடா, எத்தனை மூட்டை அரிசின்னு மைக்ல வாசிக்கிறாங்க. வலது கை செய்யுறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு இருக்கப்ப இது சரியா? (வாசகர், நாசரேத்)

பதில்: ரசீது போடணும், கணக்கு எழுதணும், அது வேற. மைக்ல வாசிக்கிறது எனக்கும் பிடிக்காது. ஆனா ஒண்ணு, பர்னபாங்கிற விசுவாசி நிலத்தை வித்துக் கொடுத்ததை அப்போஸ்தலர் நடபடிகள்ல லூக்கா பேர் போட்டே எழுதியிருக்கார், அதனால பேர் தெரிஞ்சாலே பாவம்னு சொல்லிற முடியாது. அதுக்கு அடுத்த அதிகாரத்துலயே அனனியாவும் சப்பீராளும் வர்றாங்க, கொடுக்கலைங்கிறது அவங்க மேல வந்த குற்றமே இல்ல, பர்னபா மாதிரி தெரியணும்னு நிலம் வித்த காசுல ஒரு பங்கைக் கொடுத்துட்டு முழுசுன்னு சொன்னதுதான்.

எங்க சேகரத்துல (ஒரே ஐயருக்குக் கீழ இருக்கிற சபைகள்ல) அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையா வர்ற பொருளை ஏலம் விடுறப்ப வருஷா வருஷம் ஒரு கூத்து நடக்கும். ஒரு வருஷம் ஒரு கிழவி வீட்டுல காய்ச்ச ஒத்தப் பூசணிக்காயைக் கொண்டு வந்து வச்சிருந்தாங்க, 40 ரூபாயில ஏலம் முடியப் போகுது, வெளியூர்ல வேலை பாக்குற ஒரு பையன் 1,500-ன்னு கத்தினான், கைதட்டல்னா கைதட்டல். ஆனா அவன் அந்தப் பூசணிக்காயை எடுத்துக்கிட்டு நேரா கிழவிகிட்ட போய், 'ஆச்சி, இதைக் கறி வச்சா மத்தியானம் நான் சாப்பிட வரேன்'னு சொல்லி அவங்க கையிலயே கொடுத்துட்டுப் போயிட்டான். அது மைக்ல வரல. நான் பக்கத்துல நின்னதால கேட்டேன்.

*

கேள்வி: அக்கா எனக்கு 26 வயசு, சம்பளம் 14,000, ரூம் வாடகை போக வீட்டுக்கு அனுப்பினா மிச்சம் பஸ்ஸுக்குத்தான். சர்ச்சுல எல்லாரும் கவர் போடுறப்ப நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், கூச்சமா இருக்கு. கொடுக்கிறவனுக்குத்தான் ஆசீர்வாதம்னா என்னை மாதிரி ஆளுங்க கதி? (தம்பி, திருப்பூர்)

பதில்: தம்பி, வீட்டுக்கு அனுப்புற காசும் கொடுக்கிறதுதான், அதை முதல்ல கணக்குல சேத்துக்கோ. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்'னு காணிக்கைக் கணக்குல தள்ளிவிட்டவங்களை இயேசு என்ன கேட்டார்னு மாற்கு 7-ல பாத்துக்கோ.

சரி, மேல பர்னபான்னு சொன்னேனே, அந்த ஆளைப் பத்தி உனக்குத்தான் விரிவா சொல்லணும். சீப்புரு தீவுக்காரர், லேவியர், சொந்தப் பேர் யோசே. 'ஆறுதலின் மகன்'ங்கிற அர்த்தத்துல பர்னபான்னு அப்போஸ்தலர் வச்ச பேர் அது. நிலத்தை வித்துக் காசைக் கொண்டு வந்து வச்சார், ஒரே வசனத்துல முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவர் கொடுத்தது ஒண்ணும் காசு இல்ல. காசைத் தூக்கிக்கிட்டுப் போனார், அந்தியோகியா சபை பஞ்சத்துக்குச் சேத்து அனுப்பின உதவியை சவுலோட, அதாவது நம்ம பவுலோட, சேந்து யூதேயாவுக்குக் கொண்டு போனார், ஆனா அது மத்தவங்க காசு.

அவர் கையிலேருந்து கொடுத்தது என்னன்னு பாரு. சவுல் எருசலேமுக்கு வர்றான், நேத்து வரைக்கும் வீடு புகுந்து ஆளை இழுத்துட்டுப் போய் ஜெயில்ல போட்டவன், இன்னைக்கு நானும் சீஷன்ங்கிறான். எவன் நம்புவான்? 'எல்லாரும் அவனுக்குப் பயந்திருந்தார்கள்'னு எழுதியிருக்கு. அந்த எல்லாருக்கும் நடுவுல பர்னபா போய் 'அவனைச் சேர்த்துக்கொண்டு' அப்போஸ்தலர்கிட்ட கூட்டிட்டுப் போறார் (அப்போஸ்தலர் 9:27). தன் பேரை ஜாமீனா வச்சார், நாளைக்கு அவன் காட்டிக் கொடுத்தா முதல் அடி இவருக்குத்தானே. அப்புறம் அந்தியோகியாவுல வேலை பெருகினப்ப, நானே பாத்துக்கிறேன்னு இருந்திருக்கலாம், லூக்காவே அவரை நல்லவர்னு எழுதுற நேரம். அவர் தர்சு வரைக்கும் போய் சவுலைத் தேடிக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வர்றார். ரெண்டு பேரும் அங்க ஒரு வருஷம் உபதேசம் பண்ணினாங்க, அந்த ஊர்லதான் முதல் முதல்ல நம்மளைக் கிறிஸ்தவங்கன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க.

ஒருத்தனைப் போய்த் தேடிக் கூட்டிட்டு வர என்ன செலவாகும்? நேரம் ஆகும், கொஞ்சம் மானம் ஆகும், அவ்வளவுதான். இது உன்கிட்ட இருக்கா இல்லையா?

இங்க ஒரு விஷயம், கொஞ்சம் மொழிப் பாடம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ. நம்ம பழைய மொழிபெயர்ப்புல அந்தியோகியாவுக்குப் போன பர்னபா 'எல்லாருக்கும் புத்திசொன்னான்'னு இருக்கும். கிரேக்கத்துல அந்த வார்த்தை பாராக்கலேயோ, பக்கத்துல வந்து நிக்கச் சொல்லிக் கூப்பிடுறது, தைரியம் சொல்றது, தேத்துறது எல்லாம் அதுக்குள்ள இருக்கு. பரிசுத்த ஆவியைத் தேற்றரவாளன்னு சொல்றோமே, அதுவும் இந்த வேரிலேருந்து வந்த வார்த்தைதான். நமக்கு 'புத்தி சொல்றது'ன்னா என்ன? 'ஏய் உனக்குப் புத்தி இருக்கா'தான். அதனால நம்ம சபைகள்ல புத்தி சொல்றவங்களுக்குப் பஞ்சமே இல்ல, பக்கத்துல வந்து நிக்கிறவங்களுக்குத்தான் பஞ்சம்.

எனக்கு 22 வயசுல பெண்கள் ஐக்கியத்துல முதல் தடவை ஜெபம் பண்ணச் சொன்னாங்க. எழுந்து நின்னேன், நாலு வாக்கியம் சொன்னேன், தொண்டை அடைச்சு அப்படியே நின்னு போச்சு, ஆமென் கூடச் சொல்லாம உக்காந்துட்டேன். கூட்டம் முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா வந்தாங்க. கொஞ்சம் சத்தமா பண்ணணும்மா, எழுதி வச்சுக்கோம்மா, வயித்துலேருந்து மூச்சு எடும்மா. எல்லாம் சரியான புத்திதான், வீட்டுக்குப் போய் இனிமே அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். வாசல்ல செருப்பு மாட்டுறப்ப முறுக்கு விக்கிற ஒரு அத்தை, படிக்கத் தெரியாதவங்க, நாலு முறுக்கைப் பேப்பர்ல சுத்தி என் கையில திணிச்சுட்டு, 'ஏட்டி, நீ விட்ட இடத்துலேருந்து நான் மனசுக்குள்ள பண்ணி முடிச்சுட்டேன், அடுத்த வாரம் மீதியை நீ பண்ணு'ன்னாங்க. அடுத்த வாரம் நான் போனேன். எதுக்குப் போனேன்னா அவங்க வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பாங்கன்னு தெரியும், அதுக்காகத்தான். இன்னைக்கு இந்தப் பக்கத்துல நான் எழுதிக்கிட்டு இருக்கிறதுக்கு அந்த நாலு முறுக்கும் ஒரு காரணம், அது என்ன விலை இருந்திருக்கும், ஒரு ரூபா?

உன் சர்ச்சுல கடைசி பெஞ்சுல புதுசா வந்து உக்காந்துட்டு, பாட்டுப் புஸ்தகம் இல்லாம முழிக்கிறவன் ஒருத்தன் இருப்பான். ஆராதனை முடிஞ்சா எல்லாரும் அவங்கவங்க ஆளுங்களோட நின்னு பேசுவாங்க, அவன் செல்லைப் பாத்துக்கிட்டே வெளிய போயிருவான். கவர் போடுற நேரத்துல கூச்சப்பட்டுக்கிட்டு இருக்கிறதை விட்டுட்டு அவனைக் கண்ணு வச்சுக்கோ. டீ வாங்கிக் கொடு, 12 ரூபாதானே.

*

கேள்வி: ஞாயிறு பள்ளி நடத்துறேன். பிள்ளைகளைப் பாராட்டினா பெருமை வந்துரும்னு எங்க மூத்த டீச்சர் சொல்றாங்க. உண்மையா? (ஆசிரியை, மார்த்தாண்டம்)

பதில்: முகஸ்துதி பண்ணினா வரும். 'நீதான் கிளாஸ்லயே பெஸ்ட்'னா வரும், மத்த பிள்ளைகளுக்கு வயித்தெரிச்சலும் வரும். 'போன வாரம் நீ அந்தத் தம்பிக்கு இடம் விட்டு உக்காந்ததை நான் பாத்தேன்'னு சொன்னா வராது, ஏன்னா அது நடந்த காரியம். பர்னபாவும் அந்தியோகியாவுல 'தேவனுடைய கிருபையைக் கண்டபோது, சந்தோஷப்பட்டு' அதுக்கப்புறம்தான் பேசினார். முதல்ல கண்டார். பவுல் ரோமர் 16-ல வரிசையா பேர் சொல்லி வாழ்த்துறாரே, அதை மூத்த டீச்சர்கிட்ட காட்டுங்க, பெபேயாள் அநேகருக்கு ஆதரவா இருந்தாங்க, பெர்சியாள் மிகவும் பிரயாசப்பட்டாங்கன்னு பல பேருக்குத் தனித்தனியா ஒரு காரணம் வச்சிருக்கார்.

*

கேள்வி: சபையில மிஷனெரி காணிக்கை, ஏழைகளுக்கு சேலை, அரிசி எல்லாம் நல்லா நடக்குது. ஆனா வாங்குறவங்க முகத்துல சந்தோஷமே இல்ல, நன்றி கூட சொல்றதில்ல. ஏன்? (கமிட்டி மெம்பர், சென்னை)

பதில்: நீங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, சொல்லிடறேன். வரிசையில நிக்க வச்சு, போட்டோ எடுத்து, பேனருக்கு முன்னாடி கொடுத்தா யார் முகத்துலதான் சிரிப்பு வரும்?

வெள்ளாளன்விளையில 1874-ல பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவைத் தெரியும்ல, 1912-ல தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு அத்தியட்சர் (பிஷப்) ஆனவர், ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய அத்தியட்சர். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1910-ல, எடின்பரோவுல பெரிய மிஷனெரி மாநாடு. உலகத்து மிஷன் தலைவர்கள் எல்லாம் உக்காந்திருக்கிற இடத்துல எழுந்து, உங்க ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்தீங்க, சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீங்க, நாங்க அன்பையும் கேக்கிறோம், எங்களுக்கு சிநேகிதரைத் தாங்கன்னு சொன்னார். 1 கொரிந்தியர் 13-ஐ அப்படியே அவங்க பக்கம் திருப்பி வச்சார். கொடுக்கிறவர் மேல, வாங்குறவர் கீழன்னு இருந்தா அரிசி வரும், சிநேகம் வராது. சிலருக்கு அந்தப் பேச்சு கசந்துச்சு.

ஆனா அவர் சும்மா கேட்டு வாங்கிக்கிட்டே இருந்த ஆள் இல்ல. 1903-லயே திருநெல்வேலியில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சவங்கள்ல அவரும் ஒருத்தர், வெளிநாட்டுக் காசை நம்பாம நம்ம ஜனங்க காணிக்கையிலேயே ஆளை அனுப்பினாங்க. எங்க பாட்டி உலை வைக்கிறப்ப ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில போடுவாங்க, பிடியரிசிக் காணிக்கை. அன்னைக்குக் கஞ்சிதான்னாலும் அந்தப் பிடி போகும். அவங்களை யாரும் வரிசையில நிக்க வைக்கல, அவங்களும் கொடுக்கிறவங்கதான். உங்க சேலை லிஸ்ட்ல இருக்கிறவங்ககிட்ட நீங்க எதாவது கேட்டு வாங்கியிருக்கீங்களா? அடுத்த தடவை ஒருத்தங்க வீட்டுல உக்காந்து ஒரு காப்பி கேட்டு வாங்கிக் குடிச்சுட்டு வாங்க, அப்புறம் முகத்தைப் பத்தி எனக்கு எழுதுங்க.

*

கேள்வி: 15 வருஷமா வியாதியா இருக்கிறவங்களை, வீட்டை விட்டு வர முடியாதவங்களை எல்லாம் போன் போட்டு விசாரிச்சு ஜெபம் பண்றேன். போன மாசம் நான் 10 நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன், ஒருத்தரும் கூப்பிடல. தண்ணீர் பாய்ச்சுறவனுக்குத் தண்ணீர் பாய்ச்சப்படும்னு நீதிமொழிகள் 11:25-ல இருக்குதே, எனக்கு மட்டும் ஏன் வறட்சி? (ஒரு அம்மா, மதுரை)

பதில்: இந்தக் கடிதத்தை மூணு தடவை படிச்சேன்மா. வசனத்தை வச்சு உங்களை உடனே சமாதானப்படுத்த எனக்கு மனசு வரல. உங்களுக்கு வலிச்சது நியாயம். உங்க நம்பரை வச்சிருக்கிற அத்தனை பேர்ல ஒருத்தர் கூப்பிட்டிருக்கலாம்.

பர்னபாவுக்கும் இதுதான் நடந்துச்சு. ஆரம்பத்துல 'பர்னபாவும் சவுலும்'னு எழுதுன புஸ்தகம், 13-ஆம் அதிகாரத்துக்குள்ளயே 'பவுலும் பர்னபாவும்'னு மாறிருது. 15-ல ரெண்டு பேருக்கும், முன்னாடி கூட ஊழியத்துக்கு வந்த மாற்குவை வச்சு சண்டை. பாதி வழியில விட்டுட்டுப் போனவன் வேண்டாம்னு பவுல், இன்னொரு தரம் கொடுத்துப் பாப்போம்னு இவர், கடுங்கோபமாகிப் பிரிஞ்சே போயிட்டாங்க. பர்னபா மாற்குவைக் கூட்டிக்கிட்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறுறார், அதோட அந்தப் புஸ்தகத்துல அவர் பேரே வரல. மீதிக் கதை முழுக்க பவுலோடது. அவர் ஜாமீன் கொடுத்து நிறுத்தின அதே பவுல்.

ரொம்ப வருஷம் கழிச்சு பவுல் ஜெயில்லேருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுறப்ப, 'மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்'ங்கிறார் (2 தீமோத்தேயு 4:11). பர்னபா அந்த வரியைப் படிச்சாரா, அப்ப உயிரோட இருந்தாரான்னு எங்கயும் எழுதல. நான் அந்த வசனத்தை வாசிக்கிறப்பல்லாம் பவுலையும் மாற்குவையும் விட்டுட்டு அவரைத்தான் நினைச்சுக்குவேன். நீங்க 15 வருஷமா போன்ல பேசின யாரோ ஒருத்தங்க இப்ப இன்னொருத்தரைக் கூப்பிட்டு விசாரிச்சுக்கிட்டு இருப்பாங்க, உங்களுக்குத் தெரியாது. ஆனா இது உங்க வறட்சிக்குப் பதில் ஆகாதுன்னு எனக்கும் தெரியும்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி கீழ படுத்து 'போதும்'னு சொன்னப்ப தேவதூதன் பிரசங்கம் பண்ணல. தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் வச்சு, சாப்பிடுன்னான், அவர் சாப்பிட்டுட்டு மறுபடி படுத்துட்டார், திட்டல, ரெண்டாந் தடவையும் எழுப்பி சாப்பிட வச்சான். அதனால நீங்க ஒரு மாசம் யாரையும் கூப்பிட வேண்டாம். உங்க சபைப் போதகர் ஐயர்கிட்ட நேரா போய், 'ஆஸ்பத்திரியில கிடந்தேன், ஒருத்தரும் வரல, எனக்கு வருத்தம்'னு சொல்லுங்க, கேக்கிறது தப்பில்ல. பவுலே தீமோத்தேயுகிட்ட சீக்கிரம் வா, குளிர்காலத்துக்கு முன்னாடி வா, வர்றப்ப மேலங்கியை எடுத்துட்டு வான்னு கேட்டு எழுதினவர்தான்.

கவர் பின்னால உங்க நம்பர் எழுதியிருந்தீங்க. இந்த இதழ் உங்க கையில கிடைக்கிற முதல் ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு மத்தியானம் மூணு மணிக்கு மேல நான் கூப்பிடறேன். தூங்கிடாதீங்க, ஆஸ்பத்திரிக் கதை முழுசா கேக்கணும்.